படலையில் நான் கேட்காத கேள்வி

கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பின்னேரம் நாலு மணி நாற்பது நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அப்போது நான் நெல்லியடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறிப்போன தேநீரோடு கைத்தொலைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். மகளுக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடிக்கவில்லை. தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் மாறி மாறிச் சொன்னது. மூன்றையும் கடைசிவரை கேட்டேன். ஏதாவது ஒரு மொழியிலாவது வேறு பதில் வரும் என்று நினைத்தேனோ தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடங்களைப் பார்த்து, இது சரி, இது பிழை, இந்த மதில் எல்லைக்கு மிகக் கிட்ட என்று சொல்லும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறேன் என்று மனைவி சொல்வாள். எனக்குப் பயம் கொஞ்சம் கூட. மழை இருட்டினால் மகளுக்கு அழைப்பு. பேருந்து பிந்தினால் அழைப்பு. அவள் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த நாலு வருடமும், தோழிகள் என்னை 'அலாரம் அங்கிள்' என்றுதான் சொல்வார்களாம்.

படித்து முடித்தவள் கொழும்புக்குப் போகவில்லை. தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு இணையத்தளம் செய்யத் தொடங்கினாள். யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்களையும், இங்கேயே பிறந்து வளர்ந்து வழி தெரிந்தவர்களையும் சேர்த்துவைக்கும் தளம். வருகிறவர் தனக்கு என்ன விருப்பம், என்ன மொழி தெரியும், எத்தனை நாள் நிற்பார் என்று எழுதினால், அவருக்குப் பொருத்தமான ஆளைத் தளம் காட்டும். "நீ படிச்சது கம்பியூட்டர் எண்டு நினைச்சன். கலியாணப் புரோக்கர் வேலைக்கெல்லோ படிச்சிருக்கிறாய்" என்று தாய் பகிடி பண்ணுவாள். மகளும் சளைக்கவில்லை. "ஓம் அம்மா, ஆனா இஞ்சை சாதகம் கேட்கிறேல்லை" என்றாள்.

எனக்கும் அந்த மேசையில் ஒரு மூலை கிடைத்தது. வழிகாட்டிகள் நிரப்ப வேண்டிய படிவங்களின் தமிழை நான்தான் எழுதினேன். பிள்ளைகள் எழுதிய தமிழ் அவர்களுக்கே விளங்கவில்லை. 'உங்கள் கிடைக்கும்தன்மையைப் புதுப்பிக்கவும்' என்று இருந்ததை 'எந்தெந்த நாள் உங்களுக்கு வசதி?' என்று மாற்றினேன். மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை பதவி உயர்வு கிடைத்த அன்றும் இருக்கவில்லை.

மார்கழியில் வழிகாட்டிகளை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிட்டோம். பதினொரு பேர் வந்தார்கள். குருநகரில் இருந்து வந்த ஒரு அம்மா, மீன் ஏலம் காட்டி, நண்டு வாங்கி, சமைக்கவும் பழக்குவேன் என்றார். அளவெட்டியில் நாதஸ்வரம் பழகும் வீடுகளுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் இன்னொருவர். எங்கள் பக்கத்திலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற தபால்கார அண்ணை. முப்பது வருடம் வடமராட்சி கிழக்குக் கரையோரம் முழுக்கச் சைக்கிளில் காகிதம் கொண்டு திரிந்தவர். ஓய்வு பெற்றபின் ஓட்டோ வாங்கிவிட்டார். எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

தளம் எப்படி வேலை செய்யும் என்று மகள் காட்டினாள். வழிகாட்டி பயணம் தொடங்கும்போது 'வெளிக்கிடுகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். உடனே திரையில் ஒரு கேள்வி வரும். 'எங்கே போகிறீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?' பதில் எழுதாமல் மேற்கொண்டு போக முடியாது.

தபால்கார அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டார்.

"பிள்ளை, நல்லதொரு அலுவலா வெளிக்கிட்டு வாசல் படலையடியிலை நிக்கேக்கை, 'எங்கை போறாய்' எண்டு ஆரும் கேட்பினமோ? கேட்டாப் போற காரியம் உருப்படுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் தலையையும் ஆட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். வெளிக்கிடுகிறவரிடம் 'எங்கை' என்று கேட்பது கூடாது. அபசகுனம். கேட்டுவிட்டால் சிலர் திரும்ப வீட்டுக்குள் வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போவார்கள். அறியத்தான் வேண்டும் என்றால் 'தூரவோ?' என்று கேட்கலாம். அதற்கு 'உதிலைதான்' என்று பதில் வரும். இந்தப் பக்கத்திலேதான் என்று அர்த்தம். கேட்டவருக்கும் மரியாதை, போகிறவருக்கும் மரியாதை. தகவல் மட்டும் ஒருவரிடமும் இருக்காது.

"கேட்கிறது மனிசர் இல்லை ஐயா, மெசின்" என்றாள் மகள்.

"மெசின் கேட்டா மட்டும் சகுனம் பிழைக்காதோ?" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. குருநகர் அம்மா மட்டும், தங்கள் பக்கத்தில் கடலுக்கு வெளிக்கிடுகிறவர்களிடமும் அப்படிக் கேட்பதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதோடு விஷயம் முடிந்தது.

முடித்துவைத்தவன் நான். "எடுத்துவிடு பிள்ளை. உது எங்கடை ஆக்களுக்குச் சரிவராது" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். ஊர்ப் பழக்கம் தெரிந்த தகப்பன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன். மகள் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"அப்பா, அது சும்மா வடிவுக்குப் போட்ட கேள்வி இல்லை."

இருந்தாலும் எடுத்துவிட்டாள். அந்த இடம் வெறுமையாகப் போனது.

அதன்பிறகு தை பிறந்தது. எங்கள் தளத்தின் வழியாக முதல் ஆள் வந்தார். கண்டிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, சிங்களவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பறவை பார்ப்பதற்காகத் தனியாகவே ரயில் ஏறி வந்திருந்தார். தளம் அவருக்குத் தபால்கார அண்ணையைப் பொருத்தியது. அண்ணைக்குச் சிங்களம் வராது, ஆங்கிலம் ஏதோ கொஞ்சம். முதற் பயணம் என்பதால் மகள் தானும் மொழிபெயர்க்கப் போகிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஓட்டோ எங்கள் படலையில் வந்து நின்றது. அந்த அம்மா பின்னால் இருந்து எனக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார். கழுத்தில் பெரிய தொலைநோக்கி. மகள் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாள்.

"தூரவோ பிள்ளை?"

"உதிலைதான் அப்பா. போட்டு வாறன்."

அவ்வளவுதான். பதிவில் மூன்று மணி நேரப் பயணம் என்று இருந்தது. நாலு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று நானே கணக்குப் போட்டு, எல்லாருக்குமாகத் தேநீர் வைத்தேன்.

நாலு நாற்பதுக்கு, மேலே சொன்னேனே, அந்தப் பெண் குரல்.

ஐந்து மணிவரை எட்டுத் தரம் எடுத்தேன். தபால்கார அண்ணையின் இலக்கமும் அதே பாட்டைத்தான் பாடியது. மகளின் தோழிக்கு எடுத்தேன். "அங்கிள், மணற்காடு எண்டுதான் நினைக்கிறன். நாகர்கோவில் எண்டும் ஒருக்காக் கதைச்சவள். வேறை எங்கையும் போயிருப்பினமோ தெரியாது" என்றாள். தளத்தின் உள்பக்கத்தைத் திறக்கக் கடவுச்சொல்லும் தந்தாள்.

திறந்தேன். வந்த பயணியின் பக்கம் நிறைய இருந்தது. என்ன மருந்து எடுக்கிறார், என்ன சாப்பிடமாட்டார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் கேட்டிருந்தோம். வழிகாட்டியின் பக்கத்தில் 'வெளிக்கிட்ட நேரம் 1.05' என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் எடுக்கச் சொன்ன கேள்வி இருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு இடைவெளி. ஒரு விரல் அகலம்தான். என் வாழ்நாளில் நான் பார்த்த வரைபடங்களில் அதைப்போல ஒரு பிழையை வேறு யாரும் விட்டதாக நினைவில்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துன்னாலையில் இருக்கும் தபால்கார அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி முற்றத்தில் மல்லி காயவிட்டிருந்தார்.

"எங்கை அக்கா போனவர்?"

"உதிலை எண்டுதான் சொன்னவர்."

"எந்த உதிலை அக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு அவரைத் தெரியாது தம்பி. முப்பது வருசமா அவருக்கு எல்லா இடமும் உதிலைதான். கட்டைக்காடு மட்டும் சைக்கிள் மிதிச்சுப் போய்க் காயிதம் குடுத்திட்டு வந்தாலும் உதிலைதான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "பிள்ளையும் போனவளோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு, "வெளிக்கிடேக்கை கேட்கிறேல்லைத்தானே தம்பி" என்றார். மன்னிப்புக் கேட்பதைப் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

குடத்தனைப் பக்கம் போய், பாதை பிரியும் இடத்தில் நிறுத்தினேன். ஒன்று மணற்காட்டுக்கு. மற்றது தெற்கே நாகர்கோவில், செம்பியன்பற்று என்று கடலோரமாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே நின்றுதான், அந்த ஆசிரியையின் சொந்த இலக்கமும் எடுபடாமற் போக, அவர் எழுதியிருந்த அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். கண்டியில் அவருடைய கணவர் எடுத்தார். என் சிங்களமும் அவருடைய தமிழும் ஒரே தரம். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் கதைத்தோம். தன் மனைவி பறவை பார்க்கப் போனால் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை என்றும், கலியாணம் முடித்து முப்பத்தெட்டு வருடமாகத் தான் தனியாகத்தான் இரவுச் சாப்பாடு சாப்பிடுவதாகவும் சொல்லிச் சிரித்தார். எங்கே போவதாகச் சொன்னார் என்று கேட்டேன். பறவை இருக்கும் இடத்துக்கு என்றார்.

மணற்காட்டுப் பாதையைப் பிடித்தேன். ஒரு காரணமும் இல்லை. கிட்ட இருந்தது, அவ்வளவுதான். சவுக்கு மரங்களுக்குக் கீழே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்கு ஒரு ஓட்டோவும் வரவில்லை என்றார்கள். இருந்தும் மணல் மேட்டில் ஏறி நாலு பக்கமும் பார்த்தேன். மணலும் கடலும்தான் தெரிந்தன. வெயில் சாய்ந்து கொண்டிருந்தது. அரைமணி நேரம் வீண்.

அந்த மேட்டில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. அழைத்தது மனைவி. அளவெட்டியில் தங்கையின் மகளுடைய சடங்குக்குப் போயிருந்தாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, பிள்ளை வந்திட்டாளோ?"

"வந்திடுவாள். உதிலைதான்" என்றேன்.

சொன்னபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே கேட்டது. மேட்டில் அப்படியே இருந்துவிட்டேன்.

எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லில் ஒரு பாரம் இருக்கிறது. என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவன், யுத்த காலத்தில் ஒருநாள் தாயிடம் உதிலை போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். எங்கே என்று அந்த அம்மா கேட்கவில்லை, வெளிக்கிடும்போது கேட்கக் கூடாதே. பிறகு எத்தனையோ இடத்தில், எத்தனையோ விசாரணை மேசைக்கு முன்னால் நின்று, மகன் கடைசியாக எங்கே போனார் என்ற கேள்விக்கு அவரால் பதில் எழுத முடியாமற் போனது. இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சனசமூக நிலையத்தில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்து, எடுத்துவிடு பிள்ளை என்று சொன்னேன்.

எழும்பி, திரும்பி, தெற்குப் பாதையில் ஓடினேன். நாகர்கோவிலுக்குக் கிட்ட வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. வீதியோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. தகரக் கூரை, இருக்க ஒரு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த வாய்ப்பன் நாலு. கடைக்காரர் என் வயதுதான் இருப்பார், நான் முன்பின் கண்டிராதவர். ஒரு பச்சை ஓட்டோவைக் கண்டீர்களா, ஓட்டியவர் வயதானவர், உள்ளே ஒரு சிங்கள அம்மாவும் என் மகளும் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"மகள் எங்கை எண்டு சொல்லி வெளிக்கிட்டவ?"

"தெரியாது."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட வெட்கத்தை என்னால் எழுத முடியாது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பிள்ளைக்குப் போன் எடுக்கிற தகப்பன். சாப்பிட்டாயா, குடை கொண்டு போனாயா, பேருந்தில் இருக்கக் கிடைத்ததா, எல்லாம் கேட்பேன். எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

அவர் வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னார். கேட்காமலே ஒரு பிளேன்ரீ ஊற்றி, சீனியைக் கூடப் போட்டுக் கையில் தந்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து, அடுத்த ஊர்க் கடைக்காரருக்கு அழைத்தார். "ஒரு பச்சை ஓட்டோ. ஓட்டினவர் வயதான ஆள். ஒரு சிங்கள அம்மாவும் ஒரு பிள்ளையும். அங்காலை கேட்டுச் சொல்லு." அவர் அதற்கடுத்த கடைக்கு. இப்படிக் கரையோரம் முழுக்கக் கடை கடையாக அந்தக் கேள்வி போய்க்கொண்டிருந்தது. நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் செய்யப் பார்த்த வேலையை இந்த மனிதர் ஒரு பொத்தான் போனில் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. கடைக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவர் சத்தமாகக் கதைத்தார்.

"எட, உது எங்கடை காயிதக்கார அண்ணையெல்லோ! ஏன்ராப்பா அவரை நிறத்தாலை தேடுறியள்? ஆளைச் சொன்னா அப்பவே சொல்லியிருப்பன். மூண்டு மணிபோலை இஞ்சை நிண்டு வடை சாப்பிட்டவர். அந்த அம்மாவுக்குப் பூநாரை காட்டப்போறன் எண்டு தரவைப் பக்கம் திரும்பினவர். நேற்றையான் மழைக்கு உள்ளுக்கை சேறு எண்டு சொன்னனான். முப்பது வருசம் சைக்கிள் விட்ட எனக்கோ சொல்லுறாய் எண்டிட்டுப் போனவர்."

தரவை என்றால் கடல்நீரேரியை ஒட்டிய வெட்டவெளி. மழைக்குப் பிறகு மேலே புல், கீழே சேறு. அங்கே தொலைபேசியும் எடுபடாது.

நான் எழும்பிவிட்டேன். கடைக்காரர் என் தோளில் கைவைத்து இருத்தினார். "இருங்கோ அண்ணை. உங்களுக்குப் பாதை தெரியாது. நீங்களும் போய்ப் புதைஞ்சா எங்களுக்கு ரெண்டு இழுவை." பிறகு தொலைபேசியில், லான்ட்மாஸ்டர் வைத்திருக்கும் யாரையோ உடனே உள்ளே போகச் சொன்னார். நெல்லு ஏற்றிப் பறிக்கிற அந்தச் சின்ன உழவு இயந்திரம் சேற்றில் புதையாது.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். கடைக்காரர் என்னைக் கதையில் வைத்திருந்தார். தபால்கார அண்ணை எப்படி ஒருமுறை வெள்ளத்துக்குள் தலையில் தபால்பையை வைத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமிருந்து காகிதம் வராத வீட்டைக் கடக்கும்போது, மணியடிக்காமல் மெதுவாகச் சைக்கிளை மிதித்துப் போவாராம். எனக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கண் வீதியிலேயே இருந்தது. இரண்டாவது தேநீர் எப்போது கைக்கு வந்தது என்று தெரியாது.

ஏழு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் டக்டக் என்று சத்தம் கேட்டது. தூரத்தில் ஒற்றை விளக்கு ஆடி ஆடி வந்தது. லான்ட்மாஸ்டர். பின்னால் பெட்டியில் இரண்டு பேர். அதற்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது பச்சை ஓட்டோ. பச்சை என்று சொல்லத்தான் வேண்டும், கூரையில் மட்டும்தான் நிறம் மிச்சம்.

மகள் பெட்டியில் இருந்து குதித்தாள். செருப்பு இரண்டும் கையில். முழங்கால் வரை சேறு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா! பூநாரை அப்பா! வானமே இளஞ்சிவப்பாப் போச்சு! நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்?"

தன்னை யாரோ தேடுகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. சேற்றில் இறங்கித் தள்ளும்போது தொலைபேசி தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம். ஓட்டோவைக் கிளப்பப் பார்த்துக் களைத்த பிறகு, மூன்று பேருமாக மேட்டில் இருந்து, கொண்டுபோன பிஸ்கற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பறவை பார்த்தார்களாம். விடிந்தால் யாராவது மாடு மேய்க்க வருவார்கள் என்று அண்ணை தைரியம் சொன்னாராம். அந்த ஆசிரியை பெட்டியில் இருந்தபடியே தொலைநோக்கியை உயர்த்திக்காட்டி எனக்கு ஏதோ சிங்களத்தில் சொன்னார். இது தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று சொல்கிறார் என மகள் மொழிபெயர்த்தாள்.

அவளுடைய தலையில் கையை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"பயந்திட்டியளோ அப்பா?"

"இல்லை" என்றேன். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். வாய்ப்பன் நாலையும் ஒரு தாளில் சுற்றி மகளிடம் கொடுத்தார்.

கடைசியாக வந்தவர் தபால்கார அண்ணை. இழுபட்ட ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு முன்னால் தனியாக இருந்தவர், மெதுவாக இறங்கி, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் நின்றார். சேற்றில் மாட்டியிருந்த நேரம் மகள் கதைத்திருக்கிறாள் போலும். வெறுமையாக விட்ட அந்த இடத்தைப் பற்றித்தான்.

"தம்பி, கோவியாதேங்கோ. அண்டைக்குச் சபையிலை நான்தான் குழப்பினனான்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேறு துடைத்தார். துடைத்ததில் இன்னும் சேறானது. "சேத்துக்கை நிக்கேக்கைதான் யோசிச்சனான். பிள்ளையின்ரை கேள்வி சரி. கேட்ட விதம்தான் எங்களுக்குச் சரிவரேல்லை. போறதைக் கேட்காதேங்கோ தம்பி. வாறதைக் கேளுங்கோ. எந்தப் பாதையாலை திரும்பி வருவியள், எத்தினை மணிக்கு வீட்டை வந்து சேருவியள் எண்டு கேளுங்கோ. வீட்டை வந்து சேருறதை ஆரப்பா அபசகுனம் எண்டு சொல்லப் போகினம்?"

இன்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எங்கள் தளம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். நானும் படலையில் நின்று மகளிடம் அதையே கேட்கிறேன், அவள் பதில் சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்தப் பழைய பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போது அவள் திரும்பி வரப்போகும் பாதையும் சந்தி சந்தியாக என் கண்ணுக்குள் தெரிகிறது.